மார்கழியில் திருச்சிக்கு இரண்டு நாள்: இலங்கை மலையகத்திலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பதுளைப் பக்கத்தில் டிசம்பர் லீவு நெருங்கினால் "திருச்சிக்கு ஒரு நடை போய் வரலாமா" என்ற பேச்சு தொடங்கிவிடும். வெள்ளி போய் ஞாயிறு திரும்பும் அளவுக்கு மட்டுமே நேரம் உள்ளவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு வாரம் கையில் இருப்பவர்கள் வேறு மாதிரித் திட்டம் போடலாம்.

திருச்சியே ஏன்? சென்னைக்குப் போகக் கூடாதா?

போகலாம். ஆனால் சென்னையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் நாள் கரைந்துவிடும். இரண்டு நாளுக்குத் திருச்சிதான் அளவான ஊர். விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டில், ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மலைக்கோட்டை, திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் மூன்றும் ஏறக்குறைய ஒரே பஸ் பாதையில் வருகின்றன. அதோடு, நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் பழைய திருச்சி ஜில்லாக்காரர்கள். மதுரை, ராமநாதபுரம் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் மதுரைக்குப் போவதே சரி. அங்கும் கொழும்பிலிருந்து விமானம் இருக்கிறது.

அங்கே குளிருமா? ஸ்வெட்டர் வேண்டுமா?

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் துகள் உறைபனி விழுந்து புல் வெள்ளையாகும் காலைகளைப் பார்த்தவர்களுக்குத் திருச்சிக் குளிர் ஒரு குளிரே இல்லை. விடியற்காலையில் இருபது பாகைக்கு அருகே இருக்கும், பகலில் முப்பதைத் தொடும். காலை ஆறு மணிக்கு டீக்கடையில் மங்கி குல்லாவும் மப்ளருமாக நிற்கும் உள்ளூர்க்காரர்களுக்கு நடுவே நீங்கள் அரைக்கைச் சட்டையோடு நிற்பீர்கள். ஸ்வெட்டர் கட்டுநாயக்க விமான நிலையம் வரைக்கும் போகும் பஸ்ஸுக்குத்தான் தேவை.

கவனிக்க வேண்டியது மழையை. நவம்பரிலும் டிசம்பர் நடுப்பகுதி வரையிலும் வடகீழ்ப் பருவமழை இரண்டு பக்கமும் பெய்யும். டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி முடிய உள்ள நாட்கள் நல்லவை. பெப்ரவரியும் பரவாயில்லை, ஆனால் அதற்குள் காவிரியில் தண்ணீர் குறைந்திருக்கும். டெல்டா பாசனத்துக்காக மேட்டூர் அணையை ஜனவரி 28 வரை திறந்துவைப்பதுதான் வழக்கம். ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்துப் படித்துறையில் இறங்கிக் குளிக்க ஆசைப்பட்டால் அதற்கு முன்னால் போங்கள். பிறகு போனால் மணலையும் பார்க்க நேரலாம்.

வீசா எப்படி எடுப்பது?

இலங்கைப் பாஸ்போட்டுக்கு இந்திய வீசா கட்டாயம். குறுகிய பயணத்துக்கு இ-வீசா போதும். திருச்சி விமான நிலையத்தில் அது செல்லும். பயணத்துக்குக் குறைந்தது நான்கு நாளுக்கு முன் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். நான் சொல்வது பத்து நாள். 30 நாள் சுற்றுலா வீசாவை ரொம்ப முன்கூட்டியும் போட முடியாது, வந்திறங்கும் திகதிக்கு முந்திய 30 நாளுக்குள்தான் போடலாம். பாஸ்போட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

ஒன்லைனில் தேடினால் அரசாங்கத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கும். கூடுதல் காசு வாங்கிக்கொண்டு அதே படிவத்தைத்தான் அவர்களும் நிரப்புகிறார்கள். இந்திய அரசின் தள முகவரி 'கவ் டொட் இன்' என்று முடியும். அதைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

படிவத்தில் தாய் தகப்பனின் பிறந்த நாடு, முந்தைய பிரஜாவுரிமை எல்லாம் கேட்பார்கள். நம் ஆட்கள் தயங்குவது இந்த இடத்தில்தான். அப்பா இந்தியாவில் பிறந்து இங்கே பிரஜாவுரிமை எடுத்தவர் என்றால் அப்படியே போடுங்கள். மறைக்க ஒன்றும் இல்லை, மாற்றிப் போட்டால்தான் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்று பெயர் கிடந்தாலும், படிவத்தில் பாஸ்போட்டில் உள்ளபடியே எழுத வேண்டும்.

2025 ஒக்டோபரிலிருந்து வெளிநாட்டவர்கள் வருகை அட்டையையும் ஒன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது. வீசா கடிதத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள், போன் சார்ஜ் தீர்ந்த நேரத்தில் அதுதான் உதவும்.

கப்பலில் போனால் மலிவுதானே?

காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது. நல்ல பயணம்தான், ஆனால் வார இறுதிக்கு உதவாது. ஹட்டனிலிருந்து காங்கேசன்துறைக்கே ஒரு நாள் வேண்டும். நாகப்பட்டினத்தில் இறங்கிய பிறகும் திருச்சிக்கு ஏறக்குறைய 140 கிலோமீற்றர் இருக்கிறது. நாம் போக நினைக்கும் மாரிக்காலத்தில்தான் கடல் கொந்தளித்துச் சேவை தடைப்படுவதும் உண்டு. 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து திருச்சிக்கு விமானமும் தொடங்கினார்கள். வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய நம் ஆட்களுக்கு அது வசதி. மலையிலிருந்து போகிறவர்களுக்குக் கட்டுநாயக்கதான். அங்கிருந்து பறக்கும் நேரம் ஒரு மணித்தியாலம் அளவுதான், சாப்பாட்டுத் தட்டை எடுப்பதற்குள் இறங்கப் போவதாகச் சொல்லிவிடுவார்கள்.

தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் திருச்சிக்குப் போன கதையைத் தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1914இல் பாம்பன் பாலத்தோடு தொடங்கிய பாதை அது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடி, எண்பதுகளில் யுத்தத்தோடு அதுவும் நின்றது.

மலையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு எப்படி வருவது?

பயணத்தின் கஷ்டமான பகுதி இதுதான். கடல் தாண்ட ஒரு மணித்தியாலம், மலை இறங்க ஐந்தாறு மணித்தியாலம். ஹட்டனிலிருந்து கினிகத்தேன, கித்துல்கல, அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து 187 பஸ்ஸில் கட்டுநாயக்கவுக்குப் போகலாம். நான்கைந்து பேர் சேர்ந்தால் வேன் பிடிப்பதே லாபம். ராக்கோச்சியை, அதாவது இரவு ரயிலை, நம்பித் திட்டம் போடாதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் உடைந்ததை எல்லோரும் பார்த்தோம். டிசம்பரில் ரோட்டிலும் மண் சரியலாம். அதனால் காலை விமானம் என்றால் முதல் நாளே இறங்கி நீர்கொழும்பிலோ கொழும்பிலோ சொந்தக்காரர் வீட்டில் படுத்துவிடுங்கள்.

எங்கே தங்குவது? சொந்தக்காரர் வீட்டில் தங்கலாமா?

சத்திரம் பஸ் நிலையத்தைச் சுற்றி அறை எடுங்கள். மலைக்கோட்டைக்கு அங்கிருந்து நடந்தே போகலாம், ஸ்ரீரங்கத்துக்கும் முசிறி, துறையூருக்கும் பஸ் அங்கேயே வரும். தூர ஊர்களுக்கு என்று 2025இல் பஞ்சப்பூரில் புதிய பஸ் முனையம் திறந்திருக்கிறார்கள். அது ஊருக்கு வெளியே, அந்தப் பக்கம் அறை எடுத்தால் ஆட்டோவுக்கே காசு போகும்.

அறை பதியும்போதே "இலங்கைப் பாஸ்போட், இ-வீசா" என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் ஹோட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவத்தில் பதிய வேண்டும். அந்த வேலைக்குப் பஞ்சிப்பட்டுச் சின்ன லாட்ஜ்களில் கையை விரித்துவிடுவார்கள். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைகளோடு லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குவது அவ்வளவு நல்லாயிருக்காது.

சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் அதே 'சி' படிவத்தை வீட்டுக்காரர் போட வேண்டும். பலருக்கு இது தெரியாது. இரண்டு இரவுக்காக அவர்களை அலைய விடாமல், லாட்ஜில் தங்கிவிட்டு பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவது எல்லோருக்கும் சுகம். மாமா கோபித்துக்கொள்வார். அதற்கு ஒரு கிலோ தேயிலைத்தூள் போதும்.

காசு, போன், சார்ஜர்?

இந்திய ரூபா ஒன்று நம்முடைய மூன்று ரூபாவுக்கு மேல். விலைப் பட்டியலைப் பார்த்து மலிவு என்று மயங்காமல் பெருக்கிப் பாருங்கள். அங்கே வாழைப்பழ வண்டியில்கூட போனில் காசு கட்டும் யூபிஐ அட்டை தொங்கும். 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியர்கள் இங்கே வந்து யூபிஐயில் காசு கட்டுகிறார்கள். அதை வைத்து நம் வங்கி ஆப்பும் அங்கே வேலை செய்யும் என்று நினைக்காதீர்கள். ரொக்கம் கொண்டுபோங்கள், அதிலும் சில்லறையாக. இரண்டு நாளுக்கு அங்கே சிம் வாங்கி அது வேலை செய்யும் வரை காத்திருப்பதைவிட, புறப்படும் முன் ரோமிங் போடுவது நல்லது. சார்ஜர் முனை நம்முடைய புதிய சதுர மூன்று கம்பி என்றால் அங்கே நுழையாது, உருண்டைக் கம்பி அடாப்டர் ஒன்று வேண்டும். கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

ஒரே நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்?

ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், மலைக்கோட்டை. இந்த வரிசையில் போனால் ஒரு நாளில் ஓடாமல் பார்க்கலாம்.

விடியற்காலையில் ஸ்ரீரங்கம். சத்திரத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் அடுத்தடுத்து வரும். அரசாங்கத்தின் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தனியார் பஸ்ஸில் டிக்கட் எடுக்க வேண்டும், இரண்டும் ஒரே பாதையில் ஓடுவதால் ஏறுமுன் பாருங்கள். ராஜகோபுரம் 236 அடி, பதின்மூன்று நிலை. பல நூற்றாண்டுகள் அடித்தளத்தோடு மொட்டையாக நின்று 1987இல்தான் முழுமையானது. ஏழு பிராகாரத்தில் வெளியே உள்ளவை ஊர்த் தெருக்கள். மார்கழியில் வாசலுக்கு வாசல் கோலமும், நடுவில் சாணிப் பிள்ளையாரும் பூசணிப்பூவும் இருக்கும். சந்நிதிக்கு ஓடும் அவசரத்தில் இந்தத் தெருக்களை விட்டுவிடாதீர்கள்.

ஒரு கதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள், நமக்கும் அதில் பங்கிருக்கிறது. பட்டாபிஷேகம் முடிந்து ராமர் தம் குலதனமான ரங்கநாதரை விபீஷணனுக்குக் கொடுத்தனுப்புகிறார். இலங்கைக்குக் கொண்டுவரும் வழியில் காவிரிக் கரையில் சந்தி செய்யும் நேரம். கீழே வைக்கக் கூடாது என்பதால், அங்கே நின்ற ஒரு பையனிடம் கொடுக்கிறான் விபீஷணன். பையன் தரையில் வைத்துவிட்டு மலைமேல் ஓடிவிடுகிறான். பெருமாள் அங்கேயே பதிந்துவிட்டார். விபீஷணன் துரத்திப் போய்ப் பையன் தலையில் குட்ட, பார்த்தால் அது பிள்ளையார். உச்சிப் பிள்ளையார் நெற்றியில் குட்டுப்பட்ட அடையாளம் என்று இன்றும் காட்டுகிறார்கள். விபீஷணனைச் சமாதானப்படுத்தத்தான் ரங்கநாதர் தெற்கே, இலங்கையைப் பார்த்துப் படுத்திருக்கிறாராம். ஹக்கல பக்கத்துச் சீதா எலியவில் சீதையம்மனைக் கும்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கூட்டிப்போனால், கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டே படியேறுவார்கள்.

பதினொரு மணிவாக்கில் திருவானைக்காவல். பஞ்சபூதத் தலங்களில் நீருக்கானது இது. கருவறையில் லிங்கத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறும். உச்சிகால பூசையில் அர்ச்சகர் சேலை உடுத்தி, அகிலாண்டேஸ்வரியாகவே வந்து சுவாமிக்குப் பூசை செய்வார், கூடவே கோபூசையும் நடக்கும். வேறெங்கும் எளிதில் காண முடியாத காட்சி. அது முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள். பெரிய கோயில்கள் பலவற்றில் மத்தியானம் இப்படித்தான், அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் மலைக்கோட்டை. நானூறுக்கு மேல் படி, பாதி தூரத்தில் தாயுமானவர் கோயில். சிவனொளிபாதமலை சீசனும் இதே டிசம்பரில்தான் தொடங்குகிறது. அதை ஏறி இறங்கும் காலுக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை. மேலே நின்று பார்த்தால் காவிரி, கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கத் தீவு, கோபுரங்கள் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். கோயில்களுக்குள் போன், கமராக் கெடுபிடி உண்டு.

வைகுண்ட ஏகாதசியன்று போகலாமா?

கூட்டம் என்றால் என்னவென்று பார்க்க ஆசை இருந்தால் போகலாம். ஸ்ரீரங்கத்தில் பகல்பத்து, இராப்பத்து என்று இருபது நாளுக்கு மேல் நடக்கும் உற்சவம் இது. ஏகாதசியன்று விடியும் முன்னரே பரமபதவாசல் திறக்கும், லட்சக்கணக்கில் ஆட்கள் வருவார்கள். அறைகள் வெகு முன்னாலேயே போய்விடும். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் இராப்பத்து நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் பரமபதவாசல் திறந்திருக்கும், தள்ளுமுள்ளு குறைவு.

வேளாங்கண்ணி, தஞ்சாவூர், சமயபுரம்?

சமயபுரம் பக்கத்தில்தான், சத்திரத்திலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். தஞ்சைப் பெரிய கோயில் அறுபது கிலோமீற்றருக்குள், இரண்டாம் நாளை அதற்கே கொடுத்தால் முடியும். வேளாங்கண்ணி ஏறக்குறைய 150 கிலோமீற்றர். நேர்த்திக்கடன் இருந்தால் அதற்காக மட்டுமே போங்கள், திருச்சியைப் போகும் வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் இரண்டு நாளில் அடைக்கும் வேன் பயணங்களை விளம்பரப்படுத்துகிறார்கள். அதில் நீங்கள் பார்ப்பது வேன் ஜன்னலைத்தான். ஊருக்குள்ளேயே லூர்து மாதா ஆலயமும் நத்தர்வலி தர்காவும் இருக்கின்றன, இரண்டும் மலைக்கோட்டைக்குக் கிட்டத்தான்.

தாத்தாவின் ஊரைத் தேடிப் போக இரண்டு நாள் போதுமா?

ஊர்ப் பெயர் உறுதியாகத் தெரிந்தால் ஒரு நாள் போதும். தெரியாவிட்டால் தேடுகிற வேலையை இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள்.

பெட்டிக்கு அடியில் கிடக்கும் பழைய இந்தியப் பாஸ்போட், பிரஜாவுரிமைப் பத்திரம், தோட்டத்துப் பதிவு ஆகியவற்றில் "திருச்சி ஜில்லா, முசிறி தாலுக்கா" என்பது போல ஒரு வரி இருக்கும். முதலில் அந்த ஜில்லாவை இன்றைய வரைபடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழைய திருச்சி ஜில்லா ரொம்பப் பெரியது. புதுக்கோட்டை 1974இல் தனி மாவட்டமானது. 1995இல் கரூரும் பெரம்பலூரும் பிரிந்தன. பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்து 2007இல் நிலைத்தது. ஆகவே தாளில் குளித்தலை என்றிருந்தால் இப்போது அது கரூர் மாவட்டம். முசிறி, துறையூர், லால்குடி இன்றைக்கும் திருச்சி மாவட்டத்தில்தான். முசிறி காவிரியின் வடகரையில், திருச்சியிலிருந்து சுமார் நாற்பது கிலோமீற்றர்.

அடுத்தது கிராமத்தின் பெயர். துரைமார் ஆங்கிலத்தில் எழுதி, கங்காணி சொன்னது கணக்கப்பிள்ளை காதில் விழுந்து, அதைப் பிறகு சிங்களத்தில் பெயர்த்து வந்த பெயர்கள் இவை. ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்களும் இருக்கும். அதனால் வீட்டில் வயதானவர்களிடம் கேட்க வேண்டியது குலதெய்வம். எந்தச் சாமி, எந்த ஆற்றுக்கு அல்லது ஏரிக்குப் பக்கத்தில், பங்காளிகள் யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். அங்கே டீக்கடையில் போய்த் தாலுக்கா பெயரைச் சொன்னால் தலையைச் சொறிவார்கள். குலதெய்வத்தைச் சொன்னால் "அட, அது அந்தத் தெரு ஆளுங்க" என்று கூட்டிக்கொண்டே போய்விடுவார்கள்.

1964 சிரிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தேடுவது வேறு வேலை. அவர்கள் எல்லோரும் சொந்த ஊருக்கே போய்ச் சேரவில்லை. மண்டபம் முகாமில் இறங்கியவர்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் வேறு பல இடங்களுக்கும் சிதறிப் போனார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் விசாரிக்க வேண்டியவரைத் திருச்சியில் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். கடைசியாக வந்த கடித உறையின் முத்திரையைப் பாருங்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போனதும் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நூறு வருஷத்துக்கு முன் போன பங்காளியின் பேரன் திடீரென்று வந்து நின்றால், நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறானோ என்ற யோசனை ஓடத்தான் செய்யும். கோயிலுக்கு வந்தோம், சாமி கும்பிட்டுவிட்டுப் போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு பேச்சும் இளகும், சாப்பிடாமல் போகவும் விடமாட்டார்கள்.

சாப்பாடு?

கவலையே வேண்டாம். திருவானைக்காவலில் பார்த்தசாரதி விலாஸ் நெய்த்தோசைக்குப் பேர்போனது. சின்னப் பழைய கடை, காத்திருக்க வேண்டிவரும். மார்கழி விடிகாலையில் கோயில்களில் வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல் கிடைக்கும். தேங்காய்ச் சம்பலை மறந்துவிடுங்கள், அங்கே சட்னிதான். தேத்தண்ணி விஷயத்தில் மட்டும் நமக்குச் சரிப்படாது. பாலையும் தூளையும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க விடுவார்கள். காப்பிக்கு மாறிவிடுங்கள், பில்டர் காப்பியில் அவர்களை அடிக்க ஆளில்லை.

என்ன கொண்டுபோவது, என்ன வாங்கிவருவது?

கொண்டுபோக தேயிலைத்தூள், அதுவும் நம் பக்கத்து உயர்மலைத் தூள். வாங்க, என்.எஸ்.பி. ரோடும் சின்னக்கடை வீதியும் பெரியகடை வீதியும் மலைக்கோட்டை அடிவாரத்திலேயே இருக்கின்றன. தைப்பொங்கலுக்குச் சேலை, வேட்டி எடுப்பவர்கள் டிசம்பரிலேயே முடித்துவிடலாம், பொங்கல் நெருங்கினால் அந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. பித்தளைக் குத்துவிளக்கு கனம், டிக்கட்டில் எத்தனை கிலோ போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மணப்பாறை முறுக்கைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டால் தூளாகத்தான் வரும். மல்லிகைக் கன்று, விதை, பதியன் வேண்டாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் செடிகொடி கொண்டுவந்தால் கட்டுநாயக்கவில் எடுத்துவிடுவார்கள்.

ஞாயிறு இரவு இறங்கினால் திங்கள் வேலைக்குப் போகலாமா?

கொழும்பில் வேலை என்றால் போகலாம். மலைக்கு ஏற வேண்டியவர்கள் திங்களும் லீவு போடுங்கள். இரவில் கொழும்புக்கு வந்து, கிடைக்கிற பஸ்ஸில் நின்றுகொண்டே மலை ஏறி, விடிந்ததும் மலைக்குப் போய்க் கொழுந்தெடுக்க முடியாது. தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு வெள்ளியோடு திங்களும் பேர், அதாவது நாள் சம்பளம், போகும், அதையும் பயணச் செலவில் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பாடசாலை லீவு முடிவதற்கு முந்திய வாரத்தில் டிக்கட் விலை ஏறிவிடும். லீவு தொடங்கியதுமே போய்விட்டால் அதில் மிச்சமாகும் காசு அந்த இரண்டு நாள் பேரை ஓரளவு ஈடுகட்டும்.